மூலைக்கு மூலை ஒரு கோடு

சென்ற ஆண்டு மூன்றாம் தவணையில் ஒரு நாள், பாலர் வகுப்பு இரண்டில் படிக்கும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, இரண்டு முக்கோணக் காகிதத் துண்டுகளுடன் என் மேசைக்கு வந்தாள். சற்று முன்புதான் அவளுடைய பயிற்சித்தாளில் ஒரு செவ்வகத்தின் அருகே நான் சிவப்புப் பேனாவால் தவறு என்று குறியிட்டிருந்தேன். சமச்சீர்க்கோட்டை வரையச் சொல்லியிருந்த அந்த இடத்தில், அவள் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு இழுத்திருந்தாள். குறியைப் பார்த்து அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. கைவினைப் பொருள்கள் இருக்கும் பக்கம் போய், ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் வெள்ளையுமான செவ்வகக் காகிதம் ஒன்றை எடுத்து, மூலைக்கு மூலை கத்தரித்துக்கொண்டு வந்தாள். ஒரு துண்டை நீலப்பக்கம் மேலே தெரிய மேசையில் வைத்தாள். மற்றதை மேசையோடு மேசையாக அரைச்சுற்றுச் சுற்றி, நகர்த்தி, முதல் துண்டின்மேல் கொண்டுவந்து நிறுத்தினாள். ஓரங்கள் இம்மியும் விலகாமல் பொருந்தின. "பாருங்க டீச்சர், ரெண்டும் ஒன்னாத்தானே இருக்கு? ரெண்டு பக்கமும் ஒன்னா இருந்தா சரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அந்த வகுப்பில் மட்டுமல்ல, பல ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிலும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அந்த நேரத்தில் இடைவேளை வந்துவிட்டதால், "திங்கட்கிழமை பேசுவோம்" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். விடை அறியாமல் சொன்ன பதில் அது என்பது எனக்குத் தெரியும். செவ்வகத்தின் மூலைவிட்டம் சமச்சீர்க்கோடு இல்லை என்பது எனக்கு நிச்சயம். ஆனால் என் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அதை அவளுக்கு நிறுவ என்னால் இயலாது என்பதும் அன்று அதே அளவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

என் வாக்கியம்

பாலர் பள்ளியில் நான் தாய்மொழி ஆசிரியர். கணக்கு ஆங்கில நேரத்துக்குரியது என்றாலும் வடிவம், அளவு, எண்ணிக்கை ஆகியவற்றுக்கான தமிழ்ச் சொற்களைப் பிள்ளைகள் என்னிடம்தான் கற்கிறார்கள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் வண்ணத்துப்பூச்சி செய்கிறோம். காகிதத்தின் ஒரு பாதியில் வண்ணத்தைத் தடவி, மடித்து, அழுத்தித் திறந்தால் இரு சிறகும் வந்துவிடும். பிள்ளைகள் வியப்பில் கூவுவார்கள். அப்போது நான், "பார்த்தீர்களா, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது. இதற்குத்தான் சமச்சீர் என்று பெயர்" என்பேன். பிறகு பயிற்சித்தாள். இதயம், வீடு, மரம், முகம், கடைசியாக வடிவங்கள். நடுவில் நேராக ஒரு கோடு போட்டால் சரி. தாளில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் என்பதால், பிள்ளைகள் படத்தைப் பார்க்காமலேயே நடுவில் கோடு போடப் பழகிவிடுகிறார்கள். அந்தச் சிறுமி மட்டும் என் வாக்கியத்தை உண்மையென்று நம்பி, அதைச் செவ்வகத்தின்மேல் வைத்துச் சோதித்திருக்கிறாள்.

பிழை எங்கே என்று கண்டுகொள்ள எனக்கு அந்த வார இறுதி முழுவதும் தேவைப்பட்டது. இரண்டு பாதிகள் ஒன்றுபோல இருப்பது வேறு, ஒரு கோட்டில் மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று படிவது வேறு. மூலைவிட்டத்தில் வெட்டிய செவ்வகம் முதல் நிபந்தனையை முழுமையாக நிறைவேற்றுகிறது. இரு முக்கோணங்களும் பக்கத்துக்குப் பக்கம், கோணத்துக்குக் கோணம் சமமானவை. ஆனால் வெட்டாமல் அதே கோட்டில் மடித்துப் பார்த்தால் இரண்டு மூலைகள் முயலின் காதுகளைப்போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவள் கத்தரிக்கோலால் வெட்டியதால் துண்டைச் சுற்றிப் பார்க்கும் சுதந்திரம் அவளுக்குக் கிடைத்தது. மடிப்பில் அந்தச் சுதந்திரம் கிடையாது. அவள் கண்டுபிடித்தது பிழையே இல்லை. செவ்வகத்தை அதன் மையத்தைச் சுற்றி அரைச்சுற்றுத் திருப்பினால் அது பழையபடியே இருக்கும் என்ற உண்மையைத்தான் அவள் கையால் கண்டிருக்கிறாள். அதற்குச் சுழல் சமச்சீர் என்று பெயர். நான் அவளிடம் கேட்டது மடிப்பை. சொன்னதோ ஒன்றுபோல என்ற சொல்லை. அந்தச் சொல்லுக்கு அவள் கொடுத்த விடை மிகச் சரியானது.

சிங்கப்பூரில் சமச்சீர் முறையான பாடமாகத் தொடக்கநிலை 4இல்தான் வருகிறது. கொடுத்த கோடு சமச்சீர்க்கோடுதானா என்று தீர்மானிப்பதும், பாதி வரைந்த உருவத்தை நிறைவுசெய்வதும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அந்த வகுப்பில் செவ்வகத்தின் மூலைவிட்டம் பிள்ளைகளை ஏமாற்றும் வழக்கமான கேள்வி என்பது துணைப்பாட ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். "மூலைவிட்டம் சதுரத்துக்கு உண்டு, செவ்வகத்துக்குக் கிடையாது" என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பத்து வயதில் மனப்பாடம் செய்து கடக்க வேண்டிய இந்தத் தடையை ஆறு வயதில் நாமே கட்டி வைக்கிறோம் என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

அம்மாவின் கோலம்

வெள்ளிக்கிழமை மாலைகளில் என் தாயார் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில், நடைபாதைக்கு இடைஞ்சல் இல்லாதபடி, சிறிதாக ஒரு சிக்குக் கோலம் போடுவார். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் ஒற்றைக் கம்பி. அன்றும் போட்டிருந்தார். மனத்தில் செவ்வகமே இருந்ததால், நான் அந்தக் கோலத்தின் நடுவில் கண்ணாலேயே ஒரு கோட்டைப் போட்டு, மடித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. இடப்பக்கம் மேலே திரும்பும் வளைவு வலப்பக்கத்தில் கீழே திரும்பியிருந்தது. குறுக்கே பார்த்தாலும் அப்படித்தான், மூலைக்கு மூலை பார்த்தாலும் அப்படித்தான். இத்தனை ஆண்டுகளாக எந்தக் கோலத்தைச் சமச்சீருக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் சொல்லி வந்தேனோ, அதில் ஒரு சமச்சீர்க்கோடுகூட இல்லை.

"என்னம்மா இது, மடிச்சுப் பார்த்தா பொருந்தவே மாட்டேங்குது?" என்றேன்.

"கோலத்தை யாராவது மடிப்பாங்களா? சுத்தி வந்து பாரு" என்றார் அம்மா.

சுற்றி வந்தேன். வாசலிலிருந்தும், மின்தூக்கிப் பக்கமிருந்தும், பக்கத்து வீட்டுப் பக்கமிருந்தும் அது ஒரே கோலம். கால்சுற்றுக்குக் கால்சுற்று அது தன்னைத்தானே ஒத்திருந்தது. அதை அவர் போடும் விதத்தையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்குரிய வளைவைப் போட்டதும் கையைப் பழகிய திசையிலேயே மறுபடி கொண்டுபோக, அவர் தாமே சற்று நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். நான்கு பக்கமும் ஒத்திருப்பது, நான்கு முறையும் கை ஒரே அசைவைச் செய்ததால்தான். அவர் ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை எழுதவே இல்லை.

கோலத்தைக் கணக்காகப் பார்ப்பது புதிதல்ல. 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்கும் முறைகளை ஆராய்ந்தார்கள். ஒரு சிறு துண்டும், அதை எப்படித் திரும்பத் திரும்ப வைப்பது என்ற விதியும் இருந்தால் முழுக் கோலமும் பிறக்கும் என்ற பார்வை அது. அம்மாவுக்கு அந்த ஆய்வு தெரியாது. ஆனால் எனக்கு அன்று தேவைப்பட்டது அந்தப் பார்வைதான். சமச்சீர் ஒரு படத்தின் தோற்றம் என்று நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். அது ஒரு செயலைப் பற்றியது. வடிவத்தை மடிக்கிறோம், திருப்புகிறோம், அல்லது புரட்டிப் போடுகிறோம். செய்து முடித்த பிறகு, எதுவுமே செய்யாததுபோல அது பழைய இடத்தில் பழையபடி இருந்தால், அந்தச் செயலுக்கு அந்த வடிவம் சமச்சீர் உடையது. எந்தச் செயல் என்று சொல்லாமல், சமச்சீரா இல்லையா என்று மட்டும் கேட்பது அரைகுறைக் கேள்வி.

அதன் பிறகு கண்ணில் படும் பூக்களையெல்லாம் அப்படியே பார்க்கத் தொடங்கினேன். எங்கள் புளோக்குக்குக் கீழே வேலியாக வளர்ந்திருக்கும் இட்லிப்பூவின் நான்கு இதழ்களை மடிக்கவும் செய்யலாம், திருப்பவும் செய்யலாம். நந்தியாவட்டையும், மலாய்க்காரர்கள் கெம்போஜா என்று சொல்லும் ஈழத்தலரியும் ஐந்து இதழும் ஒரே திசையில் சாய்ந்து, காற்றாடியைப்போல இருக்கும். அவற்றைத் திருப்பலாம். மடித்தால் பொருந்தாது. 1981இல் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் மலரோ இதற்கு நேர் எதிர். இடவலமாக மடிக்கலாம், திருப்பினால் உடனே தெரிந்துவிடும். தீவு முழுவதும் பூத்துக் கிடக்கும் இந்தப் பாடத்தை விட்டுவிட்டு, நான் வண்ணத்துப்பூச்சி ஒன்றையே ஆண்டுதோறும் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

செருப்பு அலமாரி

திங்கட்கிழமை அந்தச் சிறுமிக்கு மட்டுமல்லாமல் வகுப்பு முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். வகுப்பறைக்கு வெளியே செருப்பு அலமாரி இருக்கிறது. அதிலிருந்து, ஒரே அளவும் ஒரே நிறமும் கொண்ட இரு சோடிப் பள்ளிக் காலணிகளை எடுத்து, இரண்டு இடக்கால் காலணிகளை மட்டும் நடுவில் வைத்தேன். "இது ரெண்டும் ஒன்னா இருக்கா?" என்று கேட்டேன். "ஒன்னா இருக்கு" என்றார்கள். "அப்போ போட்டுக்கிட்டு நடக்கலாமா?" ஒரு பையன் போட்டுப் பார்த்தான். இரண்டடி வைத்ததும், "டீச்சர், இது சோடி இல்ல" என்றான். பிறகு சரியான சோடியை வைத்துக் கேட்டேன். அவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள். ஒன்றின் வளைவு இப்படியும் மற்றதன் வளைவு அப்படியும் போவதை விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒன்றுபோல இருக்கும் இரண்டு சோடி ஆகவில்லை, சோடியாக இருக்கும் இரண்டு ஒன்றுபோல இல்லை. இதை நான் சொல்லவில்லை. அவர்களே வெவ்வேறு சொற்களில், பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார்கள்.

அடுத்து வணக்கம் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு காலையிலும் தமிழ் வகுப்பு தொடங்கும்போது அவர்கள் செய்வதுதான். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்ந்ததும் விரலுக்கு விரல் பொருந்தியது. "அப்படியே இருங்கள். இப்போது ஒரு கையின் உள்ளங்கையை மற்றக் கையின் புறங்கைமேல் வையுங்கள்" என்றேன். கட்டைவிரல்கள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போய்விட்டன. எப்படித் திருப்பினாலும் சேரவில்லை. வலக்கையும் இடக்கையும் எவ்வளவு ஒத்திருந்தாலும் ஒன்றன் இடத்தில் மற்றது பொருந்தாது என்பதை வைத்து இம்மானுவேல் காண்ட் 1768இல் இடவெளியின் இயல்பைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தத்துவ அறிஞர் ஒருவரை அவ்வளவு தூரம் சிந்திக்க வைத்த செய்தி என் வகுப்பில் பதினைந்து சோடிக் கைகளில் தினமும் நடந்துகொண்டிருந்தது. நான் அதை வணக்கமாக மட்டுமே பார்த்திருந்தேன். மடித்தால் பொருந்துவதற்கு வணக்கம் என்று அன்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். இன்றும் என் வகுப்பில் ஒரு கோட்டை அது வணக்கம் போடுகிறதா என்று கேட்பதுதான் வழக்கம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சிறுமியிடம் புதிய நீலக் காகிதம் ஒன்றைக் கொடுத்து, வெட்டாமல் மூலைக்கு மூலை மடிக்கச் சொன்னேன். மடிப்பதற்கு முன், என்ன ஆகும் என்று கேட்டேன். "பொருந்தும்" என்று உறுதியாகச் சொன்னாள். மடித்தாள். காதுகள் நீட்டின. அவள் முகத்தில் வந்த குழப்பத்தைப் பார்த்து உடனே விளக்கிவிட வேண்டும் என்று எனக்கு நாக்குத் துடித்தது. பேசாமல் இருந்தேன். அவள் வெள்ளிக்கிழமை வெட்டிய இரு துண்டுகளைப் பையிலிருந்து எடுத்தாள். மறுபடியும் மேசையோடு மேசையாகச் சுற்றினாள், பொருந்தியது. பிறகு மடித்த தாளைப் பார்த்தாள். மடித்த பகுதி வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைதான் அவளுக்குத் துப்பு. ஒரு துண்டைத் தூக்கிப் புரட்டி வெள்ளைப் பக்கம் தெரியும்படி வைத்துவிட்டு, மற்ற நீலத் துண்டின் நீண்ட ஓரத்தோடு அதன் நீண்ட ஓரத்தைச் சேர்த்தாள். இம்முறை செவ்வகம் வரவில்லை.

"டீச்சர், பட்டம்!" என்று கத்தினாள்.

ஆம், பட்டம்தான். நீலம் பாதி, வெள்ளை பாதி. சேர்ந்த ஓரமே அதன் சமச்சீர்க்கோடு. செவ்வகத்தில் கிடைக்காத வணக்கம், ஒரு துண்டைப் புரட்டியதும் பட்டத்தில் கிடைத்துவிட்டது. அதே இரண்டு முக்கோணங்களைத் தூக்காமல் சுற்றிச் சேர்த்தால் செவ்வகம், தூக்கிப் புரட்டிச் சேர்த்தால் பட்டம். மேசையை விட்டுத் தூக்குகிறோமா இல்லையா என்ற ஒரே வேறுபாட்டில் இரண்டு வகைச் சமச்சீரும் பிரிந்து நிற்பதை அந்தக் குழந்தை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இதன் பிறகு நான் கற்பிக்கும் முறை மாறியது. இப்போது எந்த மடிப்புக்கும் முன்னால் பிள்ளைகள் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். வண்ணத்துப்பூச்சிச் செயல்பாட்டின் குறை அதில்தான் இருக்கிறது. அங்கே கை அசைகிறது, கண் வியக்கிறது, ஆனால் எதிர்பார்த்து ஏமாறுவதற்கு இடமே இல்லை. உளவியல் அறிஞர் ஜெரோம் புரூனர் 1966இல் எழுதியபடி, செயலாகவும் படமாகவும் குறியீடாகவும் அறிவு மூன்று வழிகளில் நிற்கிறது. இந்தச் சிந்தனையின் வழியில்தான் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளிக் கணிதம் 1980களிலிருந்து பொருள், படம், குறியீடு என்ற வரிசையில் அமைந்திருக்கிறது. அந்த வரிசையை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். ஆனால் பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் முதற்படி முடிந்துவிடுவதில்லை. பாலர் பள்ளி என்ற கருத்தைத் தந்த ஃபிரீட்ரிக் ஃபுரோபெல், அதற்கு முன் பெர்லினில் படிக வடிவங்களை ஆராய்ந்த அறிஞர் கிறிஸ்டியன் வைஸிடம் பணியாற்றியவர். சிறு மரக்கட்டைகளைக் கொண்டு நடுவைச் சுற்றிச் சமச்சீர் உருவங்களைக் குழந்தைகளே அடுக்கி, ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொண்டே போகும் பயிற்சியை அவர் வைத்திருந்தார். குழந்தை ஒரு கட்டையை நகர்த்தினால் சமச்சீர் உடையும், எதிர்க் கட்டையையும் நகர்த்தினால் திரும்பி வரும். அந்த உடைவு எங்கள் பயிற்சித்தாள்களில் இல்லை.

இப்போது நாங்கள் அடிக்கடி செய்வது சட்ட விளையாட்டு. தடித்த அட்டையிலிருந்து ஒரு வடிவத்தை வெட்டி எடுத்தால், அட்டையில் அதே வடிவத்தில் ஓட்டை இருக்கும். வெட்டிய வடிவத்தின் ஒரு மூலையில் இரு பக்கமும் பொட்டு வைத்துவிட்டு, அதை அந்த ஓட்டைக்குள் எத்தனை விதமாக உட்கார வைக்கலாம் என்று எண்ண வேண்டும். செவ்வகம் நான்கு விதமாக உட்காரும். அவற்றில் இரண்டு தூக்காமல், இரண்டு புரட்டிப்போட்டு. சமபக்க முக்கோணம் ஆறு விதமாக, சதுரம் எட்டு விதமாக. ஓர் இணைகரத்தை வெட்டிக் கொடுத்தபோது, புரட்டிப்போட்டால் அது உட்கார மறுப்பதைக் கண்டு பிள்ளைகள் ஓட்டையைத்தான் சந்தேகித்தார்கள். தூக்காமல் இரண்டு விதம், அவ்வளவுதான். எண்ணிக்கையும் வடிவமும் இங்கே ஒரே வேலையாகிவிடுகின்றன. ஆய்த எழுத்தை மூன்று பொத்தான்களால் வைத்து, அதுவும் முக்கோணத்தைப்போல ஆறு விதம் உட்காருமா என்று பார்த்தோம். பொத்தான்களைச் சம தூரத்தில் வைத்தால் உட்காரும்.

நம் மொழியே இதில் துணைநிற்கிறது என்பது எனக்கு ஒரு மகிழ்ச்சி. இரட்டை எண், ஒற்றை எண் என்கிறோம். இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்பது இரட்டை, துணையில்லாமல் நிற்பது ஒற்றை. பல்லாங்குழியின் எதிரெதிர்க் குழிகளில் முத்துகளை வைத்துப் பார்த்த குழந்தைக்கு எட்டு என்பது நான்கும் நான்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்துகளைத் திருப்பி எழுதும் பிள்ளைகளிடமும் இப்போது எனக்குப் பொறுமை கூடியிருக்கிறது. இடவலம் மாறினாலும் பொருள் மாறாது என்பதுதான் உலகம் அவர்களுக்கு அதுவரை கற்பித்தது. இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் பூனை பூனைதான். 'ட' மட்டும் திரும்பக் கூடாது என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. 'ப' எழுதும்போது மட்டும் அவர்கள் ஏன் அந்தத் தவற்றைச் செய்வதே இல்லை என்று நான் இப்போது அவர்களையே கேட்கிறேன்.

நவம்பரில் பெற்றோர் சந்திப்பு வந்தது. அந்தச் சிறுமியின் கோப்பில் சிவப்புக் குறியிட்ட பயிற்சித்தாளை அப்படியே வைத்து, பக்கத்தில் நீலமும் வெள்ளையுமான பட்டத்தை ஒட்டியிருந்தேன். மகள் அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளிக்குப் போகவிருக்கும் கவலையோடு வந்திருந்த அவளுடைய அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கடைசியில இது சரியா, தப்பா டீச்சர்?" என்று கேட்டார். தேர்வில் இந்தக் கோட்டைச் சமச்சீர்க்கோடு என்று எழுதினால் தவறுதான் என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த செவ்வகத் தாள் ஒன்றை அவரிடம் நீட்டி, மூலைக்கு மூலை மடித்துப் பார்க்கச் சொன்னேன். மடித்தார். பொருந்தவில்லை. ஓரங்களை இழுத்துச் சரிசெய்து மறுபடியும் மடித்தார். அருகில் நின்றிருந்த மகள் தாளை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பிரித்து, நீவி, மேசையில் வைத்தாள்.

"மடிச்சா வராதுப்பா. சுத்தினாத்தான் வரும்" என்று சொல்லி, கத்தரிக்கோலை எடுக்கப் போனாள்.